ஈறு நோய்: தடுக்கும் வழி தெரிந்த பின்னும் பற்களை இழப்பது ஏன்?

பல் துலக்கித் துப்பும்போது நீரில் இரத்தம் கலந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிரஷ் குத்திவிட்டது என்று எண்ணி வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுநாள் அந்த இடத்தில் பிரஷ் படாமல் துலக்குவதே பெரும்பாலானோரின் வழக்கம். வலி இல்லாததால் அது விரைவில் மறந்தும் போகிறது. ஆனால் அந்த இரத்தக் கசிவுதான், பல ஆண்டுகளுக்குப் பிறகு பற்களை ஒவ்வொன்றாக விழச் செய்யக்கூடிய ஒரு நோயின் முதல் அறிகுறி.

கடுமையான ஈறு நோயால் உலகம் முழுவதும் 100 கோடிக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டுள்ளதாக, உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வாய் நலம் குறித்த அறிக்கை மதிப்பிடுகிறது. 15 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்பது இதன் பொருள். இத்தனைக்கும் இந்த நோயின் காரணம் 1965ஆம் ஆண்டிலேயே ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. அதைத் தடுக்கும் வழியும் எளிமையானது. பிறகு ஏன் இத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி ஒவ்வொருவரின் குளியலறையிலும், மறு பகுதி அரசுகள் வகுத்துள்ள சுகாதாரக் கொள்கைகளிலும் இருக்கிறது.

வலியில்லாமல் வளரும் நோய்

துலக்கிய சில மணி நேரத்துக்குள்ளாகவே பற்களின் மீது நுண்ணுயிரிகள் மெல்லிய படலமாகப் படியத் தொடங்குகின்றன. நாக்கால் தடவினால் வழவழப்பாகத் தெரியும் இந்தப் படலம் அகற்றப்படாவிட்டால், ஈறும் பல்லும் சந்திக்கும் ஓரத்தில் தடித்து வளர்கிறது. உமிழ்நீரில் உள்ள தாது உப்புகள் அதில் சேரும்போது அது இறுகிப் பற்காரையாக மாறுகிறது. படலத்தை பிரஷால் அகற்ற முடியும். இறுகிய காரையை வீட்டில் அகற்ற முடியாது.

நுண்ணுயிரிகளை எதிர்க்க உடல் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டத்தை அதிகரிக்கும்போது ஈறு சிவந்து வீங்குகிறது; தொட்டால் இரத்தம் கசிகிறது. இது ஈறு அழற்சி எனப்படும் முதல் நிலை. இந்த நிலையில் எலும்பு பாதிக்கப்படுவதில்லை. படலத்தை முறையாக அகற்றினால் ஈறு பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

அழற்சி நீடிக்கும்போது, சிலரிடம் அது ஈறோடு நிற்காமல் உள்ளே இறங்குகிறது. பல் வேரைத் தாடை எலும்புடன் பிணைத்திருக்கும் நார்களும் எலும்பும் கரையத் தொடங்குகின்றன. ஈறுக்கும் வேருக்கும் இடையே பை போன்ற ஒரு பள்ளம் உருவாகிறது. நலமான ஈறில் இந்தப் பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. 4 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் கூடும்போது பிரஷ் அங்கு எட்டுவதில்லை. நுண்ணுயிரிகளுக்கு அது பாதுகாப்பான இருப்பிடமாகிவிடுகிறது. இந்த இரண்டாம் நிலையில் கரைந்த எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை.

துலக்கும்போது இரத்தம், நீங்காத வாய் துர்நாற்றம், ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோல் தோன்றுதல், முன்பு இல்லாத இடைவெளி, கடிக்கும்போது பல் அசைதல், ஈறிலிருந்து சீழ் வடிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் கடைசி மூன்றும் நோய் முற்றிய பிறகே தெரிய வருபவை. புகைபிடிப்பவர்களிடம் முதல் அறிகுறியான இரத்தக் கசிவுகூட மறைந்துவிடக்கூடும். புகையிலை ஈறின் இரத்த ஓட்டத்தைப் பாதிப்பதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் ஈறு வெளிறி உறுதியாகவே காட்சியளிக்கும்.

துலக்காமல் இருந்த 12 பேர்

ஈறு நோய்க்குக் காரணம் முதுமை, சத்துக்குறைவு, பரம்பரை எனப் பலவாறாகக் கருதப்பட்டு வந்த காலத்தில், டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஓர் எளிய சோதனையை நடத்தினர். ஈறுகள் நலமாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழற்சி மறைந்தது.

1965ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவு, ஈறு நோய் பற்றிய சிந்தனையையே மாற்றியது. படலம் சேர்ந்தால் அழற்சி வரும். படலம் நீங்கினால் அழற்சி போகும். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. அழற்சியை அப்படியே விட்டுவிட்டால், ஆண்டுக்கணக்கில் என்ன நடக்கும்?

இரு தேயிலைத் தோட்டங்கள்

அந்தக் கேள்விக்கான விடை இலங்கையின் மலையகத்திலிருந்து கிடைத்தது. லோவின் குழுவினர் இரண்டு சமூகங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்று, நார்வே தலைநகர் ஆஸ்லோவைச் சேர்ந்த 565 ஆண்கள். மாணவர்களும் கல்வியாளர்களுமான இவர்கள் சிறுவயது முதலே பல் மருத்துவ வசதி பெற்றவர்கள். மற்றொன்று, டன்சினேன், ஹரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்கள். இவர்களில் இளையவர்கள் பதின்ம வயதினர். பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ இவர்களை ஒருபோதும் எட்டியிருக்கவில்லை என்பதே இவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணம். மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

1970ஆம் ஆண்டு தொடங்கி 1985 வரை ஆறு முறை இத்தொழிலாளர்களின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. 40 வயதை நெருங்கியபோது, பல்லைப் பிடித்திருக்கும் பிணைப்பில் ஆஸ்லோ குழுவினர் இழந்தது சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளர்கள் இழந்தது நாலரை மில்லிமீட்டர்.

ஆனால் 1986ஆம் ஆண்டு வெளியான முடிவுகளில் மருத்துவ உலகம் அதிகம் கவனித்தது வேறொன்றை. ஏறத்தாழ ஒரே விதமாக வாழ்ந்த, ஒருவர்கூட முறையாகப் பல் துலக்காத அந்தத் தொழிலாளர்களிடையே நோய் ஒரே வேகத்தில் வளரவில்லை. சுமார் 11 சதவீதத்தினருக்கு அழற்சியோடு நோய் நின்றுவிட்டது. அவர்கள் ஏறக்குறைய பற்கள் எதையும் இழக்கவில்லை. சுமார் 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 45 வயதில் அவர்கள் சராசரியாக ஏழு பற்களை இழந்திருந்தனர். எஞ்சிய 8 சதவீதத்தினர் 20 வயதிலேயே பற்களை இழக்கத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் அனைத்துப் பற்களையும் இழந்தனர். அவர்களிடையே சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆகவே இந்த இழப்பு முழுவதும் ஈறு நோயின் விளைவே என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

படலம் நோயைத் தொடக்கி வைக்கிறது. அது எவ்வளவு வேகமாக வளரும் என்பதை ஒவ்வொருவரின் உடல் தீர்மானிக்கிறது என்ற இன்றைய புரிதலுக்கு இந்த ஆய்வு முக்கிய ஆதாரமாக விளங்குகிறது. 2018ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட புதிய வகைப்பாடும் இதை ஒட்டியே அமைந்துள்ளது. அதன்படி, ஏற்பட்டுள்ள சேதத்தைக் கொண்டு நோய் நான்கு நிலைகளாகவும், வளரும் வேகத்தைக் கொண்டு மூன்று தரங்களாகவும் பிரிக்கப்படுகிறது. உலகின் பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் இந்த அறிவின் ஒரு பகுதி, சிகிச்சை எட்டாத மலையகத் தொழிலாளர்களின் வாய்களிலிருந்து பெறப்பட்டது என்பதை அதைக் கற்பவர்கள்கூட அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முப்பது ஆண்டுப் பரிசோதனை

சிகிச்சை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மலையகம் காட்டியது என்றால், தடுப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரம் காட்டியது. அங்கு 1970களின் தொடக்கத்தில் பேர் ஆக்செல்சன், யான் லிண்டே ஆகிய இருவரும் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். அதில் சேர்ந்தவர்களுக்குப் பற்களை எப்படித் துலக்குவது, பல்லிடுக்குகளை எப்படிச் சுத்தம் செய்வது என்பது திரும்பத் திரும்பக் கற்பிக்கப்பட்டது. குறிப்பிட்ட இடைவெளிகளில் பற்கள் தொழில்முறையில் சுத்தம் செய்யப்பட்டன.

முப்பது ஆண்டுகள் தொடர்ந்து இதில் இருந்த 257 பேரின் நிலை 2004ஆம் ஆண்டு வெளியானது. வயதுக் குழுவைப் பொறுத்து, ஒருவர் இந்த முப்பது ஆண்டுகளில் இழந்த பற்களின் சராசரி எண்ணிக்கை 0.4 முதல் 1.8 வரை மட்டுமே. அவற்றிலும் ஈறு நோயால் விழுந்தவை மிகச் சொற்பம். வயதானால் பல் விழும் என்பது இயற்கையின் நியதி அல்ல என்பதை இந்த முடிவு உணர்த்துகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வீட்டில் தினசரித் தூய்மை, மருத்துவ நிலையத்தில் முறையான பராமரிப்பு ஆகிய இரண்டும் சேர்ந்தே இந்தப் பயனைத் தந்தன என்பதுதான். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பல் துலக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஆலோசனை. இரவில் உறங்கும் முன் துலக்குவது அவற்றில் தவிர்க்கக் கூடாதது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் வாயின் இயற்கைப் பாதுகாப்பும் குறைகிறது. காலையில் மட்டும் பல் துலக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக வேரூன்றியிருப்பதால் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

எவ்வளவு அழுத்தித் துலக்குகிறோம் என்பதைவிட எங்கே துலக்குகிறோம் என்பதே முக்கியம். சிறிய தலையும் மென்மையான இழைகளும் கொண்ட பிரஷை, ஈறும் பல்லும் சந்திக்கும் ஓரத்தில் சுமார் 45 பாகைச் சாய்வில் வைத்து, சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் 1940களில் பரிந்துரைத்த இந்த முறை அவர் பெயராலேயே அறியப்படுகிறது. குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்ப்பது ஈறைக் கீழிறங்கச் செய்து வேரைத் தேய்த்துவிடும். மின்சார பிரஷ்கள் சாதாரண பிரஷ்களைவிடச் சற்று அதிகமாகப் படலத்தையும் அழற்சியையும் குறைப்பதாக, காக்ரேன் அமைப்பு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ள முதியவர்களுக்கு இவை வசதியாக இருக்கும்.

எந்த பிரஷும் இரு பற்களுக்கு இடைப்பட்ட பகுதியை முழுமையாக எட்டுவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பல்லிடுக்குகளுக்கென விற்கப்படும் சிறு பிரஷ்களைக் கொண்டு நாளொன்றுக்கு ஒருமுறை அங்கு சுத்தம் செய்ய வேண்டும். இடுக்குக்குப் பொருந்தும் அளவைத் தேர்ந்தெடுப்பது அவசியம். கம்பி உரசக் கூடாது, இழைகள் இருபுறமும் பட வேண்டும். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம். இவை நுழையாத அளவுக்குப் பற்கள் நெருக்கமாக இருந்தால் பல்லிடை நூலைப் பயன்படுத்தலாம்.

இவ்வாறு தொடங்கும்போது முதல் சில நாட்களில் இரத்தம் வரக்கூடும். அதைக் கண்டு நிறுத்திவிடுவதே பலர் செய்யும் தவறு. ஆர்ஹஸ் சோதனை காட்டியதுபோல, முறையாகத் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் கசிவு குறைய வேண்டும். குறையாவிட்டால் ஈறுக்கு அடியில் காரை இருக்கிறது என்று கொண்டு மருத்துவரை நாட வேண்டும்.

வேப்பங்குச்சியைப் பற்றிய கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. நன்கு மென்று நாராக்கிப் பொறுமையாகப் பயன்படுத்தினால் பற்களின் வெளிப்புறத்தை அது சுத்தம் செய்யும். ஆனால் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தையும் இடுக்குகளையும் அதனால் எட்டுவது கடினம். பற்சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் அதில் இல்லை. கரி, செங்கல்தூள், மணல் போன்ற சொரசொரப்பான பொருட்கள் பல்லையும் ஈறையும் தேய்த்துவிடுவதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. வாய் கொப்பளிக்கும் திரவங்கள் துலக்குவதற்கு மாற்று அல்ல. குளோரெக்சிடின் கலந்த திரவம் படலத்தைக் கட்டுப்படுத்தும் என்றாலும், நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் கறை படியும். சுவை உணர்வும் மாறக்கூடும். எனவே அதை மருத்துவர் சொல்லும் காலத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கிறது

ஈறு நோயைக் கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. அளவுக் குறிகள் கொண்ட மெல்லிய கருவியை ஈறின் ஓரத்தில் நுழைத்து, பள்ளத்தின் ஆழத்தை மருத்துவர் ஒவ்வோர் இடமாக அளக்கிறார். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டுகிறது. பல் மருத்துவரிடம் சென்று வந்தும் ஒருமுறைகூட இவ்வாறு அளக்கப்படாதவர்கள், அதைக் கேட்டுப் பெறுவது அவசியம்.

ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சிகிச்சையை நான்கு படிகளாக வகுக்கின்றன. நோயாளிக்குத் தூய்மை முறையைக் கற்பிப்பது, புகைபிடித்தலை நிறுத்த உதவுவது, நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவருவது, ஈறுக்கு மேலுள்ள காரையை அகற்றுவது ஆகியவை முதல் படி. தேவைப்பட்டால் மரப்பு ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின் மீது படிந்துள்ள காரையையும் படலத்தையும் அகற்றுவது இரண்டாம் படி. பெரும்பாலானோருக்கு இந்த இரண்டே போதுமானவை. சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் அளக்கும்போது ஆழமான பள்ளங்கள் எஞ்சியிருந்தால் மட்டுமே மூன்றாம் படியான அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது. நான்காம் படி பராமரிப்பு. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையிலான இடைவெளிகளில், வாழ்நாள் முழுவதும் அது தொடர வேண்டும்.

சீழ்க்கட்டி போன்ற சில நிலைகளைத் தவிர, ஆன்டிபயாடிக் மாத்திரைகள் ஈறு நோய்க்கு வழக்கமான சிகிச்சை அல்ல. பல்லில் ஒட்டியிருக்கும் படலத்தை மாத்திரைகளால் மட்டும் அகற்றிவிட முடியாது.

காரையை அகற்றினால் பல் ஆடத் தொடங்கும் என்ற அச்சம் தமிழர்களிடையே இன்னும் பரவலாக உள்ளது. இந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்ட இடங்களில், இறுகிய காரை பற்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும். அது நீங்கும்போது, அதுவரை மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல்லிடுக்கு பெரிதாகத் தோன்றும். சில காலம் பல் கூசும். சேதத்தை உண்டாக்கியது சிகிச்சை அல்ல, அதற்கு முன் கழிந்த ஆண்டுகளே. இதை மருத்துவர் முன்கூட்டியே விளக்காதபோது, பலர் பாதியிலேயே சிகிச்சையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

நீரிழிவும் ஈறும்

தமிழர்கள் இந்த நோயைக் கூடுதல் அக்கறையுடன் அணுக வேண்டியதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது நீரிழிவு. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிரிட்டன் போன்ற நாடுகளில் வாழும் தெற்காசிய வம்சாவளியினருக்கு, வெள்ளையினத்தவரைவிட இளம் வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் அதிகம் என்பது நன்கு அறியப்பட்டதே.

நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது. இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஈறு நோய் விரைவாக முற்றுகிறது. மறுபுறம், ஈறின் நீடித்த அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. நீரிழிவாளர்களின் ஈறு நோய்க்குச் சிகிச்சை அளித்தபோது, மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததாக, காக்ரேன் அமைப்பின் 2022ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. அதே ஆண்டில் பிரிட்டனின் நைஸ் அமைப்பும், நீரிழிவாளர்களுக்கு ஈறு நோய் அபாயம் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தனது வழிகாட்டு நெறிகளில் சேர்த்தது. கண்ணையும் காலையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் நீரிழிவாளர்கள் அந்தப் பட்டியலில் ஈறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோயும் அதிகம் காணப்படுகிறது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

புகையிலை, எந்த வடிவிலும், ஈறுக்குப் பகை. புகைபிடிப்பவர்களிடம் நோய் வேகமாக வளர்வதுடன் சிகிச்சையின் பலனும் குறைகிறது. வாயில் அடக்கும் புகையிலை, அது படும் இடத்தில் ஈறைக் கீழிறங்கச் செய்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதி வகைப்படுத்தியுள்ளது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றங்களால் ஈறு அழற்சி அதிகரிக்கும். அந்தக் காலத்தில் பற்களைச் சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பானது.

சுகாதாரக் கொள்கையில் வாய்க்கு இடம் எங்கே?

இத்தனையும் தெரிந்த பிறகும் நோய் பரவலாக நீடிப்பதற்கு, பெரும்பாலான நாடுகள் வாயை உடலின் பிற உறுப்புகளிலிருந்து பிரித்து நடத்துவதும் ஒரு காரணம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சிகிச்சை தரும் பொது மருத்துவத் திட்டங்கள் பற்களை ஓரளவுக்கு மட்டுமே ஏற்கின்றன. சில நாடுகளில் அதுவும் இல்லை. தமிழர்கள் கணிசமாக வாழும் நாடுகளை ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகிறது.

பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை 1948ஆம் ஆண்டு தொடங்கியபோது பல் சிகிச்சை இலவசமாகவே இருந்தது. 1950களின் தொடக்கத்திலேயே கட்டணம் புகுத்தப்பட்டது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு அறிமுகமான ஒப்பந்த முறை, அதிக நேரம் தேவைப்படும் சிகிச்சைகளுக்கு ஏற்ற ஊதியம் தருவதில்லை என்று பல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குறைகூறி வந்துள்ளனர். பல தடவை வரவழைத்துச் செய்ய வேண்டிய ஈறு சிகிச்சை இத்தகையதே. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட ஒரு பல் மருத்துவ நிலையத்தில் பதிவு செய்துகொள்ள நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசையில் நின்ற காட்சி, இந்த நெருக்கடியின் அடையாளமாக அமைந்தது. கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து 12 மாதங்கள் வரை தாய்மார்களுக்கும் அந்தச் சேவையில் பல் சிகிச்சை இலவசம் என்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர்.

ஜெர்மனி வேறு வழியில் சென்றுள்ளது. 2021 ஜூலை முதல், அங்குள்ள சட்டபூர்வ மருத்துவக் காப்பீடு ஈறு சிகிச்சையுடன், அதற்குப் பிந்தைய இரண்டாண்டுப் பராமரிப்புக்கும் நோயாளிக்குத் தூய்மை முறையைக் கற்பிப்பதற்கும் சேர்த்துப் பணம் தருகிறது. நார்வேயில் பெரியவர்கள் பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சொந்தப் பணத்தையே செலவிட வேண்டும் என்றாலும், ஈறு நோய் அரசு உதவி கிடைக்கும் நோய்களின் பட்டியலில் உள்ளது. ஸ்விட்சர்லாந்தின் கட்டாய மருத்துவக் காப்பீடு, மிகச் சில கடுமையான நோய்கள் நீங்கலாகப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. அங்குள்ள வோ மாநிலத்தில் பல் காப்பீட்டை ஏற்படுத்தும் யோசனையை வாக்காளர்கள் 2018ஆம் ஆண்டு நிராகரித்தனர். கனடாவில் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியப் பல் மருத்துவத் திட்டம் 2024 மே மாதம் முதல் படிப்படியாகச் செயல்பாட்டுக்கு வந்து, 2025ஆம் ஆண்டு 18 முதல் 64 வயது வரையிலானோருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தனியார் பல் காப்பீடு இல்லாத, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 90,000 டாலருக்குக் குறைந்தவர்கள் அதில் சேரலாம்.

செலவுக்கு அஞ்சி, விடுமுறையில் சென்னைக்கோ கொழும்புக்கோ செல்லும்போது பல் வேலைகளை முடித்துக்கொண்டு வருவது புலம்பெயர்ந்த தமிழர்களிடையே வழக்கமாகிவிட்டது. பல்லை அடைப்பதற்கும் உறை போடுவதற்கும் இது பொருந்தலாம். ஈறு நோய்க்கு இது பொருந்தாது. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் சிகிச்சை அல்ல அது. ஈறு நோயைக் கட்டுப்படுத்தாமல் விழுந்த பல்லுக்குப் பதிலாகச் செயற்கை வேர் பொருத்திக்கொண்டால், அதே வகை நோய் அந்த வேரைச் சுற்றியும் வரக்கூடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பல் மருத்துவரைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஈறின் பள்ளங்கள் அளக்கப்பட்டனவா, எத்தனை இடங்களில் 4 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளது? எலும்பு கரைந்துள்ளதா? எந்த அளவு இடுக்கு பிரஷ் எங்கே பொருந்தும்? அடுத்த பரிசோதனை எத்தனை மாதத்தில்? வயது முதிர்ந்த பின் புலம்பெயர்ந்து வந்த பெற்றோர்களுக்கு மொழி தடையாக இருப்பதால், இந்தக் கேள்விகளை அவர்களுக்காகப் பிள்ளைகள் கேட்க வேண்டியிருக்கும். விடைகளைத் தமிழில் விளக்க வேண்டியவர்களும் அவர்களே.

முதல் பரிசோதனை நடந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2010ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் மீண்டும் அந்த மலையகத் தோட்டத் தொழிலாளர்களைத் தேடிச் சென்றனர். 480 பேரில் 75 பேரை மட்டுமே அவர்களால் மறுபடியும் பரிசோதிக்க முடிந்தது. அதன் முடிவுகள் 2017ஆம் ஆண்டு வெளியாயின. ஈறு நோய் கவனிக்கப்படாவிட்டால் மனிதனை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை உலகம் அறிந்துகொண்டது இந்தத் தொழிலாளர்களிடமிருந்துதான். அவர்கள் பல் துலக்காமல் இருந்தது, அதன் அவசியம் அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படாததால். அது எடுத்துச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் காரணம் இல்லை. தெரிந்தவற்றைச் செயல்படுத்தும் வசதியை மக்களுக்கு ஏற்படுத்தித் தராத அரசுகளுக்கும் அது இல்லை.